துடைத்துவிட்டதற்கு நன்றி, மாமா

காங்கேயம் கல்யாண விஷயத்தைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அங்கே என் காரில் விழுந்த கீறலுக்கு நான் கோபித்துக்கொண்டதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் குழுவில் நேற்று நள்ளிரவு வரை ஓடிய பேச்சைப் படித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்கும் அளவுக்கு எனக்குப் பக்குவம் வரவில்லை.

கீறல் விழுந்த பானட்டின் படத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரைக் கொடுத்தேன். பூ ஒட்டுவதற்கு முன்னால், வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று மாமா முறையுள்ள ஒரு நல்ல மனிதர் பனியன் வேஸ்ட்டை, அதாவது பனியன் கம்பெனிக் கழிவுத் துணியை, ஒரு கைப்பிடி எடுத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், பானட், கூரை, நான்கு கதவுகள் என்று அழுத்தித் துடைத்துத் தந்துவிட்டார். கறுப்பு வண்டி. இப்போது வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை பின்னியதுபோல வட்டம் வட்டமாகக் கீறல்.

நான் அங்கே சொன்னது ஒரே ஒரு வாக்கியம். உலர்ந்த தூசியைத் துணியால் துடைக்காதீர்கள். சத்தம் போடவில்லை. முகம் சுளித்தேனாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

"ஒரு துணி போட்டுத் துடைத்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கிறார்கள். துணி என்ன செய்யும்? பனியன் துணியைக் குறை சொல்லிவிட்டு நான் ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குப் போய்வர முடியுமா? கீறியது துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிய மண். ஆவணி பிறந்தும் ஆடிக் காற்று ஓயவில்லை. மண்டபத்தைச் சுற்றி அரிசி ஆலைகள். வண்டி மேல் படிந்திருந்தது சாலை மண்ணும் உமிச்சாம்பலும். நம் ஆத்தாமார்கள் பித்தளைச் சொம்பை எதைப் போட்டுத் துலக்கினார்கள்? சாம்பலும் மண்ணும்தானே? ஏன்? அது தேய்க்கும், அதனால்தான். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சாதாரணக் கத்தி இரும்பைவிடக் கடினமானது. சொம்பு துலக்குகிற பொடியைத் தூவி என் காரைத் துலக்கிவிட்டு, "பளபளவென்று இருக்கிறதே" என்றால் நான் என்ன சொல்வது?

பலருக்கும் தெரியாத ஒன்று, காரின் பளபளப்பு நிறத்தில் இல்லை. நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். முடியைவிட மெல்லிய அந்தப் பூச்சுதான் வெயிலிலிருந்தும் காக்கை எச்சத்திலிருந்தும் நிறத்தைக் காப்பாற்றுகிறது. அதன்மேல் மண்ணை வைத்துத் தேய்க்கக் கூடாது. தண்ணீரை ஊற்றி முதலில் மண்ணைக் கழற்றிவிட வேண்டும், பிறகுதான் துணி. இதைச் சொன்னால் நான் பைத்தியம்.

"பாலிஷ் போட்டால் போய்விடும், விடு" என்று ஒரு தம்பி ஆறுதல் சொன்னான். போகும் தம்பி. எப்படிப் போகும் தெரியுமா? பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குகிறது. இருக்கிற 50 மைக்ரானில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். போனது திரும்ப வளராது. வேக்ஸ் வேறு, அது மேலே படிகிற காப்பு. பிரேசில் நாட்டில் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அதில் சேர்கிறது. நம் ஊர் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். செராமிக் பூச்சு போட்டால் கீறலே விழாது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் வரும் 9எச் என்பது, பென்சிலால் கீறிப் பார்த்துக் கடினத்தைச் சோதிக்கும் அளவு. அதற்கு மேலும் மண்ணைப் போட்டுத் தேய்த்தால் கீறும்.

தண்ணீரை வீணாக்குகிறேன் என்ற குற்றச்சாட்டில் மட்டும் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பல்லடம் பக்கம் ஆயிரம் அடி போர் ஓட்டியும் வெறும் புகை வந்த கதைகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அதனால்தான் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாளியில் கழுவுகிறேன். ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். முன்னும் பின்னும் குழாயில் கொஞ்சம். ஆனால் இந்தக் குற்றச்சாட்டை வைத்தவர் தினமும் காலையில் தெருத் தார் ரோட்டுக்குக் குழாய் வைத்துக் குளிப்பாட்டுகிறவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாளியைக் கிண்டல் செய்து படம் போட்டவர்களுக்கும் அதே பதில்தான். மண் அடியில் தங்கட்டும் என்றுதான் தனி வாளி. கழுவியதும் ஏன் விழுந்தடித்து ஈரத்தை ஒற்றுகிறேன்? எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. அந்த உப்பு வெயிலில் காய்ந்தால் கூரையெல்லாம் வெள்ளைப் பொட்டு விழும்.

சரி. இவ்வளவும் கீறலுக்காக என்று நினைத்தால், இல்லை. பந்தியில் ஒரு வார்த்தை விழுந்தது. குழுவில் நான்கு பேர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார்கள். "கிளீனர் பையன்தானே, துடைக்கிற புத்தி போகுமா?"

ஆமாம். என் அப்பா பதினான்கு வயதில் சங்ககிரியில் லாரி கிளீனராக ஏறியவர். டிரைவரானது பத்து வருடம் கழித்து. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பவானி தாண்டி ஆற்றோரம் லாரியை நிறுத்தி, பாதியாக அறுத்த தகர டின்னில் தண்ணீர் மொண்டு, கேபின் கூரையிலிருந்து கீழே ஊற்றிக்கொண்டே வருவார். சேறு வழிந்து முடியும் வரை கையை வைக்க விடமாட்டார். "முதலில் மண் போகட்டும் கண்ணு, அப்புறம் துணி போடலாம்." அவரிடம் இரண்டு துணிகள். இடுப்பில் செருகியது கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் சாமி படத்துக்கும். பின்னால் கொக்கியில் கட்டியது டயருக்கு. இடுப்புத் துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அது டயர்த் துணி ஆகிவிடும், எவ்வளவு புதிதாக இருந்தாலும். ஒரு முறை நான் விழுந்ததை உதறிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். அடிக்கவில்லை. கையைப் பிடித்து என் உள்ளங்கையிலேயே அந்தத் துணியை வைத்துத் தேய்த்துக் காட்டினார். நறநறவென்றது.

அவருக்கு மைக்ரான் தெரியாது. அது அவருடைய லாரியும் இல்லை.

இந்தக் கொங்கு நாட்டில் லாரி வைத்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை? சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று போய்க் கேளுங்கள், எத்தனை முதலாளிகள் கிளீனராக ஏறியவர்கள் என்று. மேடையில் அதைச் சொன்னால் கைதட்டுவீர்கள். பந்தியில் சொன்னால் வசவு. என் அப்பா இருந்திருந்தால் சிரித்துக்கொண்டு இன்னொரு கை ரசம் வாங்கிக் குடித்திருப்பார். நான் இலையை மூடிவிட்டு வந்துவிட்டேன். இணைச்சீர்ச் சடங்குக்கு முன்னால் நின்று வேலை செய்தவன் சாப்பிடாமல் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை, கார்க்காரன் கோபித்துக்கொண்டான் என்பதைத்தான் கவனித்தார்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏறும் முன், கழுவிவிட்டுப் பாலிஷ் போடப்போகிறேன். மாமா வரலாம், காபி உண்டு. வேலையும் செய்யலாம். துணி மட்டும் நான் தருவேன். கை தவறிக் கீழே விழுந்தால் வேறு தருகிறேன், டயருக்கு ஆள் தேவைப்படுகிறது.