முட்டுக்கு ஊசி, கைக்குத் தைலம்

'சவ்வு வளர ஊசி' என்று போர்டைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. இவர்கள் சவ்வு என்பது முட்டில் எலும்பு முனையை மூடியிருக்கிற குருத்தெலும்பை. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது, தேய்ந்தால் தானாக ஆறாது. அழிந்தால் திரும்ப வராது என்று வில்லியம் ஹன்டர் என்ற உடற்கூறு மருத்துவர் 1743-லேயே எழுதிவிட்டார். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி முட்டுக்குள் ஏற்றுகிறார்களே, அந்த பிஆர்பி ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு அந்த ஊசி, மறுபாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. ஒரு வருஷம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. குருத்தெலும்புச் செல்லை எடுத்து வளர்த்து வைக்கிற சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது விளையாட்டில் ஓரிடத்தில் அடிபட்ட இளவட்டங்களுக்கு. முட்டு முழுக்கத் தேய்ந்த ஆச்சிக்கு இல்லை. நகையை அடகு வைத்து அவளைத்தான் கூட்டிப் போகிறார்கள்.

சரி, அவரவர் துட்டு. ஆனால் அதே வீட்டில் பீடி சுற்றுகிற பொம்பளை நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பாள், அதை வீட்டில் ஒருத்தரும் நோயாகவே எடுக்கமாட்டார்கள். வாயு என்பார்கள், இல்லையென்றால் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் எங்கள் சித்தி மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கி என்று பேச்சு கொடுத்தபடியே போய்க்கொண்டிருப்பாள், மணிக்கட்டு நிமிரவே நிமிராது. "சுண்டுவெரலு நல்லாருக்கு, மத்ததெல்லாம் மதமதன்னு இருக்கு" என்பாள். டாக்டருக்கு அதுவே பாதி விடை. மணிக்கட்டில் கார்ப்பல் டனல் என்று ஒரு குறுகிய பாதை இருக்கிறது, அதில் நசுங்குகிற நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி வரைக்கும்தான் உணர்ச்சி கொடுக்கும். சுண்டுவிரல் அதன் கணக்கில் வராது.

இதற்கு வைத்தியம் இருக்கிறது, அதுவும் சோதித்துப் பார்த்த வைத்தியம். ராத்திரி மணிக்கட்டை நேராக நிறுத்துகிற பட்டை (உள்ளே தகடு வைத்தது, வெறும் எலாஸ்டிக் உறை வாங்கி ஏமாறாதீர்கள்), கேட்கவில்லையென்றால் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் மேலே என்றால் நரம்பை அழுத்துகிற தசைநாரை வெட்டிவிடுகிற சின்ன ஆபரேஷன். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நெதர்லாந்தில் 176 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது: மூன்று மாதத்தில் பட்டை போட்டவர்களில் 54 சதவீதமும் ஆபரேஷன் செய்தவர்களில் 80 சதவீதமும் தேறியிருந்தார்கள். முட்டு ஊசிக்காரர்கள் இப்படி ஒரு கணக்கைக் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பீடித் தொழிலாளர் மருந்தகங்களில் இருமலுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இந்தப் பட்டையையும் கொடுத்தால் என்ன? சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் இது வர வாய்ப்பு கூடுதல், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற சதைமேடு வற்ற ஆரம்பித்துவிட்டதா, தைலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வற்றிய சதை, பிறகு என்ன செய்தாலும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.