சுழி பார்த்தாச்சு, குளம்பைப் பார்த்தீங்களா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை கூடும்போதெல்லாம் முகநூல் முழுக்கக் குதிரைப் படங்கள்தான். கத்தியவார், மார்வாரி, நாட்டுக்குதிரை. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிற அழகு. கூடவே "குதிரை எனக்குக் கற்றுத்தந்த பாடங்கள்" வகைப் பதிவுகளும் வரும். தைரியம், வேகம், விசுவாசம், நிமிர்ந்த தலை. படிக்க நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் குதிரையைக் கட்டித் தினமும் லத்தி அள்ளுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி சொல்வார்கள். நேரத்துக்குச் செய், கொஞ்சம் கொஞ்சமாகச் செய், செய்ததைக் குறித்து வை. குதிரை நடத்துகிற பாடம் இவ்வளவுதான். வீரதீரத்துக்கு இதில் வேலையே கிடையாது, நல்ல கணக்குப்பிள்ளைக்குத்தான் வேலை.

சந்தையிலிருந்தே தொடங்கலாம். உடம்பில் முடி சுழன்று வளர்கிற சுழியைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே, மார்பில் எப்படி என்று தடவித் தடவிப் பார்த்து விலையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். நம்பிக்கை அவரவர் பாடு. ஆனால் சுழி நொண்டாது, கால்தான் நொண்டும். நாலு காலையும் தூக்கிப் பார்த்து, கெட்டித் தரையில் நேராக ஓடவிட்டுத் தலை ஆடுகிறதா என்று கவனித்து வாங்குகிறவர்கள் குறைவு. முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது இறங்கும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வயதுக்குப் பல். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்தில் வாய் நிறைந்துவிடும். முதுகெலும்பு வளர்ந்து முடிய அதற்கு மேலும் ஆகும். இரண்டு வயதுக் குட்டி மேல் ஏறி உட்கார்ந்து ரீல்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருவது இதனால்தான்.

அப்புறம் எடை. எடை தெரியாமல் தீவனத்தை எப்படிக் கணக்குப் போடுவது? குடற்புழு மருந்துகூட எடைக்குத்தான். தராசெல்லாம் வேண்டாம், நீளமான டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள்முனையிலிருந்து புட்டத்தின் கடைசி எலும்புவரை ஓர் அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 323 கிலோ. ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து இதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 65 கிலோவுக்குள். பத்து கிலோ சேணம் போட்டு எண்பது கிலோ அண்ணன் ஏறினால் என்ன ஆகும்? முதுகைக் கெடுப்பதும் நாம்தான், அப்புறம் அதற்கு "முரட்டுக்குதிரை" என்று பெயர் வைப்பதும் நாம்தான்.

இனி வயிறு. குதிரை வளர்ப்பின் முக்கால்வாசி இதற்குள்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர்தான். மாடு வயிற்றை நிரப்பிக்கொண்டு படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. காட்டில் விட்டால் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரைகூட மேய்ந்துகொண்டே இருக்கும். தின்றாலும் தின்னாவிட்டாலும் இரைப்பையில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் சுரக்கும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்ல முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு கிலோ கொள்ளும் தவிடும் பத்தே நிமிடத்தில் காலி. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி, நடுவில் பத்து மணி நேரம் வெறும் முளைக்குச்சி என்று நம் ஊரில் கட்டிவைக்கிறோமே, அந்தப் பத்து மணி நேரமும் வெறும் அமிலம்தான் உள்ளே. வயிற்றுப்புண் வந்த குதிரை கொள்ளுத் தீனியை ஒதுக்கும், சேணப்பட்டையை இறுக்கினால் கடிக்க வரும். "திமிரு ஏறிப்போச்சு" என்று அடிவேறு விழும்.

323 கிலோக் குதிரைக்குக் காய்ந்த கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு, ஆறரை கிலோ தீனி வேண்டும். பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே பசும்புல் மட்டும் என்றால் 30 கிலோவைத் தாண்டும். இதை நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கடைசி வேளை ராத்திரி படுக்கப்போகும் முன். கொள்ளு வேகவைத்துத்தான், ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்குள். சும்மா நிற்கிற குதிரைக்கு அதுவும் தேவையில்லை. தண்ணீர் நாளொன்றுக்கு 25 லிட்டராவது வையுங்கள், சித்திரை வெயிலில் 40-ஐயும் தாண்டலாம். கல்லுப்பு நாளைக்கு 30 கிராம்.

மாடு வளர்த்த கை குதிரை வளர்க்க வரும்போது ஒரு பெரிய தவறு நடக்கும். கோ-4 என்கிற நேப்பியர் ஒட்டுப்புல்லும் தவிடும். கறவை மாட்டுக்கு இரண்டும் அமிர்தம். நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்றில் அதை உடைக்கிற நுண்ணுயிர்கள் உண்டு. குதிரைக்குக் கால்சியம் உறிஞ்சப்படுவது முன்குடலில், அந்த நுண்ணுயிர்கள் இருப்பதோ பின்குடலில். கொங்குப் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லும் இதே ரகம்தான். தவிட்டிலோ பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். புல் கால்சியத்தைப் பூட்டிவைக்க, தவிடு கணக்கைக் கவிழ்க்க, ரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். முதலில் இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால் என்று மாறி மாறி நொண்டும். பிறகு முகத்தெலும்பு கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முகம் பழையபடி ஆவது கஷ்டம்.

மருந்து நம் மொழியிலேயே இருக்கிறது. லூசர்ன் தீவனப் பயிருக்குக் குதிரைமசால் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஒரு கிலோ காய்ந்த குதிரைமசாலில் 12 கிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, நம் 323 கிலோக் குதிரைக்கு ஒரு நாள் தேவையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். புல்லில் பாதியாவது அருகம்புல்லாக இருக்கட்டும், தவிட்டை ஒரு கைப்பிடிக்கு இறக்குங்கள், குதிரைமசாலை ஏற்றுங்கள். நேப்பியரைத் தவிர வழியில்லை என்றால் தனியாகக் கால்சியம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமக்கல், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கோழித்தீவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று குதிரைக்குக் கொட்டிவிடாதீர்கள். ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகளைக் கலப்பதுண்டு. கோழிக்கு ஒன்றும் ஆகாது, குதிரையின் இதயத் தசையை அது தின்றுவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. கோழித்தீவனம் இருந்த சாக்கைக்கூடக் கொட்டிலுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வீட்டுக்குதிரை பெரும்பாலும் பாசத்தில்தான் சாகிறது. பொங்கலன்று ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். இத்தனை மாவுச்சத்து ஒரே நேரத்தில் உள்ளே போனால் இரைப்பையிலும் பின்குடலிலும் புளித்துப் பொங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாசல் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு. அழுத்தம் ஏறினால் இரைப்பை கிழியும், கிழிந்தால் முடிந்தது.

வயிற்றுவலியின் அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைப் பிராண்டும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்துப் படுத்து எழும், லத்தி போடாது. உடனே நாடி பாருங்கள். தாடையெலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் நூல்போல ரத்தக்குழாய் தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 28 முதல் 44 வரை சரி, 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஈறை விரலால் அழுத்தி எடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தீனியை எடுத்துவிட்டு, கடைசியாக லத்தி போட்ட நேரத்தையும் நாடியையும் குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். புரளாமலிருக்க மெதுவாக நடத்தலாம், ஓய்ந்து விழும்வரை நடத்தக்கூடாது. எண்ணெய், சோடா, கஷாயம் எதையும் பாட்டிலால் வாயில் ஊற்றவே கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்வார். மாட்டுக்கே நேரம் போதாத ஊர் டாக்டருக்குக் குதிரை பழக்கமிருக்கும் என்று சொல்ல முடியாது. யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதைக் குதிரை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

மண்தரையில் தீனி போடுகிற வீடுகளில் மணலும் உள்ளே போகும். ஐந்தாறு லத்தி உருண்டையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் படிந்தால் தீனித்தொட்டி கட்டும் நேரம் வந்துவிட்டது.

குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குள் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சீர்செய்ய வேண்டும், லாடம் அடித்திருந்தால் கழற்றித் திரும்ப அடிக்க வேண்டும். "லாடம் இன்னும் தேயலையே" என்று நாலு மாதம் ஓட்டுவார்கள். தேய்வது லாடம், வளர்வது குளம்பு. முன்பக்கம் நீண்டு குதிகால் சரிந்து, தசைநாணெல்லாம் இழுபடும். தினமும் நாலு குளம்பையும் தூக்கி, நடுவிலிருக்கும் ரப்பர் மாதிரியான முக்கோணத்தின் இரண்டு பக்கப் பள்ளத்தையும் குதிகாலிலிருந்து நுனிப்பக்கமாகச் சுரண்டுங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்து அழுகல் நாற்றம் அடித்தால் கொட்டில் ஈரம் என்று அர்த்தம். மருந்தை அப்புறம் தடவலாம், முதலில் தரையைக் காயவிடுங்கள். ஆணி குத்தினால் டெட்டனஸ்தான் பயம், குதிரை அதற்கு மிகச் சீக்கிரம் மடியும். தடுப்பூசி வருடந்தோறும் தவறக்கூடாது. புதுக்குதிரையைக் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனை இல்லாமல் வீட்டுக்குள் விடாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

"கொள்ளுன்னா வாயைத் திறக்குது, கடிவாளம்னா வாயை மூடுது" என்று நம் ஆட்கள் குதிரையைத் திட்டுகிற பழமொழி ஒன்று உண்டு. வாயை ஏன் மூடுகிறது என்று உள்ளே பார்த்தால் தெரியும். குதிரையின் கடைவாய்ப் பல் வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்வரிசையின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், கீழ்வரிசையின் உள்விளிம்பு நாக்கைக் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்புகிற குதிரைக்கு வாயில் புண். வருடம் ஒருமுறை அரம் போட்டால் தீர்ந்தது. அதை விட்டுவிட்டு முள் கடிவாளம் மாட்டுகிறோம். கல்யாண ஊர்வலத்தில் குதிரை "ஆடுகிறது" என்று கைதட்டுகிறோமே, அதில் பல ஆட்டங்கள் வாய்வலி. முள் வைத்த கடிவாளம் 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளிலேயே தடை செய்யப்பட்டதுதான்.

குதிரையைப் பழக்குவதும் நேரக்கணக்கே. லகானை இழுப்பதால் அது எதையும் கற்றுக்கொள்வதில்லை, விடுகிற அந்த நொடியில்தான் கற்றுக்கொள்கிறது. நின்றதும் ஒரு விநாடிக்குள் கை தளர்ந்தால் "நின்றால் வலி போகும்" என்று புரிந்துகொள்ளும். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நின்றும் பயனில்லை என்று புரிந்துகொள்ளும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கும் இது உதவலாம், நான் குதிரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாகத் தூக்கம். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். நாளைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். இடம் குறுகலாக இருந்தாலோ, கயிறு குட்டையாக இருந்தாலோ, காவலுக்குத் துணை இல்லாவிட்டாலோ படுக்காது. கூட்டத்தில் வாழ்ந்த பிராணி, ஒன்று விழித்திருந்தால்தான் மற்றது படுக்கும். இன்னொரு குதிரை வைக்க முடியாதவர்கள் ஒரு ஆட்டையாவது துணைக்குக் கட்டலாம். 12-க்கு 12 அடி கொட்டிலும் காய்ந்த படுக்கையும் கொடுங்கள். காலையில் போனதும் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் ராத்திரி படுத்திருக்கிறது. விலா சுத்தமாக இருந்து, முன்னங்கால் முட்டியில் மட்டும் புதுச்சிராய்ப்பு இருந்தால், நின்றபடியே தூங்கி மடங்கி விழுந்திருக்கலாம். அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.