இதில் என்ன பாட்டு வாசிக்கலாம்?

பிவிசி குழாயில் செய்த வாத்தியத்தை எடுத்து வைத்ததுமே மதுரையில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். சினிமாப் பாட்டு ஒன்றை இரண்டு வரி வாசித்துவிட்டால் கைதட்டல், செல்போனில் வீடியோ. அப்படிச் செய்யாமல், குழாய் தரும் ஓசையைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கிலேயே போனால், “உருப்படியாக ஏதாவது வாசி தம்பி” என்கிறார்கள்.

அண்மையில் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெயின்ட் டப்பா, சைக்கிள் கம்பி, கொட்டாங்கச்சி ஆகியவற்றை வைத்து மாணவர்கள் அருமையாக வாத்தியங்கள் செய்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘தொடாதீர்கள்’ என்று அட்டை. வாத்தியத்தைத் தொடாமல் என்ன செய்வது, சூடம் காட்டுவதா?

இரு பக்கமும் திறந்த ஒரு மீட்டர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில் பழைய ரப்பர் செருப்பால் ஓர் அறை விடுங்கள். அறைந்த வேகத்தில் செருப்பை எடுத்துவிட்டால் ஏறக்குறைய 170 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். எடுக்காமல் வாயை அடைத்தபடியே வைத்திருந்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். செருப்பை முழுவதும் எடுக்காமலும் முழுவதும் அடைக்காமலும் சற்றே சாய்த்துப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவில் பெயரில்லாத ஓசைகள் வருகின்றன. எனக்கு வேண்டியது அவைதான். தெரிந்த பாட்டை வாசிக்கத் தொடங்கினால் முதலில் கழித்துக்கட்டப்படுவதும் அவைதான்.

எவர்சில்வர் தாம்பாளத்தின் அடியில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ வில்லையை ஒட்டி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, தென்னை ஈர்க்கால் வருடிப் பாருங்கள். கை நூலளவு நகர்ந்தாலும் ஓசை மாறுகிறது. நேற்று கிடைத்த இடம் இன்று கிடைப்பதில்லை. இதற்கு ஸ்வரம் எழுதி வைத்து என்ன பயன்? கேட்டுக்கொண்டேதான் அடுத்த அடியை முடிவு செய்ய வேண்டும்.

1968-இல் ஹியூ டேவிஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியின் அட்டைக்குள் ரம்ப பிளேடு, பால்பேரிங், ஸ்பிரிங் ஆகியவற்றைப் பொருத்தி, ‘ஷோஸிக்’ என்ற வாத்தியத்தைச் செய்தார். காதுக்கு எட்டாத உரசல்களை மின்சாரத்தால் பெருக்கி, மேடையில் மற்றவர்களோடு சேர்ந்து அந்தந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தார். யாரும் அவரிடம் பாட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை வெளிநாட்டுக் கிறுக்கு என்று சொல்லும் சபா ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. ராமேஸ்வரம் ரயில் நிற்கும் மானாமதுரையில் தட்டித் தட்டி உருவாகும் கடம், பானை வழி வந்ததுதானே? வில்லுப்பாட்டில் குடம், ஜலதரங்கத்தில் பீங்கான் கிண்ணம். கச்சேரியில் ஆலாபனையும் கல்பனா ஸ்வரமும் மனோதர்மம்தான், அந்த நேரத்தில் தோன்றுவதுதான். ஆனால் அங்கே ராகமும் தாளமும் வேலி போட்டிருக்கின்றன, இங்கே அந்த வேலி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் மோசமாக வாசிப்பதும் இங்கே மிக எளிது. கண்டதைத் தட்டிவிட்டுப் ‘பரிசோதனை’ என்று பெயர் சூட்டுபவர்களை நானும் கேட்டிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர்களிடம் இல்லாதது திறமைகூட அல்ல, பொறுமை. பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று ஒரு நொடி நிறுத்திக் கேட்பதில்லை.

(கொத்துப் பரோட்டாக் கல்லின் தாளத்தைப் பற்றிப் பின்னூட்டத்தில் யாரும் எழுத வேண்டாம். மதுரைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டோம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் வாசிக்கிறோம். வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். சமையலறையில் ஓட்டை விழுந்த பாத்திரம் இருந்தால் கொண்டு வாருங்கள். கண்ணாடிச் சாமான் வேண்டாம், அங்கே எல்லோரும் வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருப்போம். எட்டு மணிக்கு முடித்துவிடுவோம், கீழ்வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்த வாக்கு.