பலகை இல்லாத வளையம்

இன்று மாலை தங்கச்சிமடம் கடற்கரையில் என் அண்ணன் மகள் தொடர்ந்து ஏழு பந்துகளை வளையத்துக்குள் போட்டாள். எட்டாவது பந்தைக் கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போனது. கூடைப்பந்தில் இருப்பதுபோல வலைப்பந்து (நெட்பால்) வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. குறி ஒரு விரற்கடை தப்பினாலும் தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. நனைந்த பந்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றாள்.

வளையம், படகுப் பட்டறையில் வெல்டிங் செய்யும் தம்பி வளைத்துக் கொடுத்தது. கம்பம் பத்து அடி. வலை அண்ணனின் கைவேலை. பழைய நண்டு வலையை அறுத்து, கண்ணுக்குக் கண் முடிந்து கட்டியிருக்கிறார்.

பதினான்கு வயதில் அவள் ஐந்தடி பத்து அங்குலம். "இப்படி வளர்ந்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்று கேட்காத வாய் எங்கள் தெருவில் இல்லை. கேட்டுக் கேட்டுப் பிள்ளை கூனிக் குறுகி நடக்கப் பழகிவிட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பெண். ஆறடி பத்து அங்குலம். 2018-ல் சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்துப் போட்டியில் இலங்கை அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரையே அதன் சொந்த மண்ணில் 69-50 என்று வென்று, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை மீட்டது. அந்த அணியில் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார்: எழிலேந்தினி சேதுகாவலர். சேதுபதிகள் ஆண்ட சீமையில் பிறந்த எனக்கு அந்தப் பெயரைப் படித்ததும் உடல் சிலிர்த்தது. 2022-ல் அதே சிங்கப்பூரில், அதே சிங்கப்பூர் அணியை 63-53 என்று வென்று மறுபடியும் பட்டம். அப்போதும் வளையத்தடியில் தர்ஜினி நின்றார்.

"அத்தை, அவர்களை யாரும் கேலி செய்யவில்லையா?" என்றாள். அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆனால் இலங்கை என்றால் நம் கரைக்கு வந்து சேரும் செய்தி கைதும் படகுப் பறிமுதலும்தான். அந்தத் துயரம் உண்மை, எங்கள் வீட்டிலும் பட்டிருக்கிறோம். அதற்காக, அக்கரையில் நம் மொழி பேசும் பெண்கள் ஆசியாவையே வென்றது இக்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போவதா?

கடலோரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் வலைப்பந்து வேண்டும் என்கிறேன். ஆசைக்குச் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. கையில் வாங்கினால் மூன்று நொடிக்குள் அடுத்தவளுக்குக் கொடுத்தாக வேண்டும். தட்டுகிற வேலை இல்லாததால் பழகுவதற்குக் கெட்டிப்பட்ட மணலே போதும். சிமெண்ட் தளம் பிறகு வரட்டும். பந்து வைத்திருப்பவளைத் தடுப்பவள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பதால் இடிபடுமோ என்று தாய்மார் பயப்படவும் வேண்டாம்.

உயரமானவர்களுக்கு மட்டுமான ஆட்டம் என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. ஏழு பேரில் வளையத்துக்குள் பந்து போட உரிமை உள்ளவர்கள் இருவர்தான். மற்ற ஐவருக்கும் வேண்டியது ஓட்டமும் கண்ணும் கையும். நடு ஆட்டக்காரி வளையத்தடி வட்டங்களைத் தவிர ஆடுகளம் முழுக்க ஓடியும் ஒரு கோல்கூடப் போட முடியாது. அவள் இல்லாமல் கோலும் விழாது. பாசி எடுக்க மூச்சடக்கி முங்கும் தாய்களின் பிள்ளைகளுக்கா ஓட்டமும் மூச்சும் இல்லை?

என் கோபமெல்லாம் விளையாட்டுப் பாடவேளையின் மீதுதான். நான் படித்த பள்ளியில் அந்த நேரத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். பையன்களை மட்டும் திடலுக்கு விட்டார்கள், நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு பெருக்கல் போட்டோம். இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அந்த ஜன்னல் கம்பி என் கண்ணில் நிற்கிறது. இவளுக்கும் அதுவே நடக்க விடமாட்டேன்.

இப்போது கரையில் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ஆட்டம் ஆட எதிர்முனைக்கு இன்னொரு வளையம் வேண்டும். கம்பி கிடைத்துவிட்டது, கம்பம் நடத்தான் இடம் இல்லை. வலை காயப்போடும் இடத்துக்கு இடைஞ்சல் வராமல் தெற்கே கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். ஊர்ப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணனோடு நேரில் வந்து பேசுகிறேன்.