இயந்திரமில்லா பைபாஸ்: வயது மட்டும் காரணமாகாது

"எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இதயத்தை நிறுத்தாமல் செய்யும் பைபாஸ்தான் பாதுகாப்பு, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தால் பக்கவாதம் நிச்சயம்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள், ஐயா. அப்படி இல்லை.

இந்தக் கேள்விக்காகவே ஜெர்மனியில் 12 மருத்துவ மையங்களில், 75 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 2,400 பேரை இந்த இரு முறைகளுக்கும் இரு பிரிவாகப் பிரித்து ஆய்வு நடத்தி, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் 30 நாட்களில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, மறுபடியும் அடைப்பு நீக்கம், புதிதாக டயாலிசிஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் இயந்திரமில்லாத பிரிவில் 7.8 சதவீதம், இயந்திரப் பிரிவில் 8.2. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் இறப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். இயந்திரமில்லாதவர்களுக்கு ரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது உண்மை. ஆனால் ஒரு மாதத்துக்குள் மீண்டும் அடைப்பு நீக்க வேண்டிவந்தவர்கள் இயந்திரமில்லாத பிரிவில் 1.3 சதவீதம், இயந்திரப் பிரிவில் 0.4. இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

உங்கள் அச்சத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாயான மகாதமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அதில் கவ்வி போடும்போது துகள் உடைந்து மூளைக்குப் போகலாம். அத்தகையவர்களுக்கு மகாதமனியைத் தொடாமலே செய்யும் முறைக்குத் தனி மதிப்பு உண்டு. அது பிறந்த தேதியைப் பார்த்து எடுக்கும் முடிவன்று. ஸ்கேனைப் பார்த்தும், அறுவை மருத்துவருக்கு எந்த முறை கை பழகியது என்று கேட்டும் எடுப்பது.