எந்த வருடம் பயாலஜி படித்தாள் என்பதா கேள்வி?

மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிய எங்கள் தெருப் பெண்ணுக்கு நடந்த பாராட்டு விழா மேடையில் ஒரு டாக்டர் பேசியதை எல்லாரும் கேட்டுவிட்டீர்கள். வீடியோவை நான் இங்கே போடப் போவதில்லை, அதில் அந்தப் பெண்ணின் முகம் தெரிகிறது. மருத்துவ இடம் கிடைத்தது என்று அவளைக் கூப்பிட்டு, சால்வை போர்த்திவிட்டு, மைக்கைப் பிடித்து, "ப்ளஸ் டூவுல பயாலஜியே படிக்காம இப்பல்லாம் டாக்டர் ஆயிடலாம்" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் பயாலஜி படித்தாள். ப்ளஸ் டூ முடித்த பிறகு படித்தாள். விஷயம் அவ்வளவுதான்.

விதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்பு இருந்த மருத்துவக் கவுன்சில், 1997ஆம் ஆண்டு விதிகளை வைத்து, பதினொன்றும் பன்னிரண்டும் இரண்டு வருடம் தொடர்ச்சியாக இயற்பியல், வேதியியல், உயிரியலை ஒன்றாகப் படித்திருக்க வேண்டும் என்று கேட்டு வந்தது. உயிரியலைப் பின்னால் தனியாக எழுதித் தேறினால் செல்லாது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதை மாற்றியது. ப்ளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்றது. தேசியக் கல்விக் கொள்கையைக் காரணம் காட்டித்தான் செய்தார்கள். அந்தக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த ஒரு மாற்றம் நியாயமானது. அவள் அந்த விதிப்படி வந்தவள், யாரையும் ஏமாற்றி வரவில்லை.

நீட் தாளையே எடுத்துப் பாருங்கள். 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் 90 கேள்வி, 360 மதிப்பெண் உயிரியல். பாதித் தாள்! பயாலஜி தெரியாமல் ஒருத்தி இதைத் தாண்டி வந்தாள் என்று ஒரு டாக்டரே மேடையில் சொல்கிறார். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் பிடித்துக்கொள்ளும் தேர்வில், தெரியாத பாடத்தில் குருட்டாம்போக்கில் எத்தனை கேள்வியை ஒருத்தி தாண்ட முடியும்?

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பதினொன்றாம் வகுப்பு சேர்க்கை நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு அப்பாவோ அம்மாவோ கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். "பயோ மேத்ஸ் நிரம்பிடுச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கு, இல்லன்னா காமர்ஸ்" என்பார்கள் உள்ளே. "ஏதோ ஒண்ணு போடுங்க டீச்சர், வீட்ல சும்மா இருக்கக் கூடாது" என்பார் அந்த அப்பா. பிள்ளை பேசவே பேசாது. பதினைந்து வயதில், சில நிமிடத்தில், இன்னொருவர் எடுக்கும் முடிவு அது. அதையா வாழ்நாள் முழுக்கக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறீர்கள்?

இந்தப் பெண் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். பக்கத்துப் பள்ளியில் பயாலஜி குரூப்பே கிடையாது. அது இருக்கிற பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வீட்டில் அனுப்பவில்லை. ப்ளஸ் டூவுக்குப் பிறகு பகலில் ஜவுளிக்கடையில் நின்றாள். கடை மூடியபின் என் வீட்டுக்கு வருவாள். எங்கிருந்தோ வாங்கிய பழைய என்சிஇஆர்டி புத்தகம், பக்கமெல்லாம் யாரோ கோடு போட்டது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரானை வரைந்துகொண்டு வந்து, வடிகட்டியதையே ஏன் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, எல்லாவற்றையும் வெளியே விட்டால்தான் என்ன என்று கேட்டாள். வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்த பிள்ளைகளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் குறைவு. திறந்தநிலைப் பள்ளியில் உயிரியல் எழுதி, செய்முறைத் தேர்வும் செய்துதான் தேறினாள்.

"ரெண்டு வருஷம் லேப்ல படிச்சதும் இதுவும் ஒண்ணா?" என்று கேட்பீர்கள். எந்த லேப்? மைக்ராஸ்கோப்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ரெக்கார்டு நோட்டை மட்டும் எழுத வைக்கிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே படித்தவர்களை யாரும் மேடையில் நிறுத்திக் கேட்பதில்லை. எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று எல்லாருக்கும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

"பணக்காரப் பிள்ளைகள்தான் இந்த விதியைப் பயன்படுத்துவார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர்களுக்கு என்றைக்கு பயாலஜி குரூப் கிடைக்காமல் போனது?

இன்னொன்று. இதே ஊரில், அமெரிக்காவில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அங்கே வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர்கூட, பிறகு உயிரியல், வேதியியல் பாடங்களை முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். பல கல்லூரிகளில் சில பாடங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், சேருவதற்குள் முடித்தால் போதும். அங்கே போனால் விடாமுயற்சி என்கிறோம். எங்கள் தெருப் பெண் செய்தால் சிரிக்கிறோம்.

உடனே "அப்போ நீங்க நீட்டை ஆதரிக்கிறீங்களா டீச்சர்?" என்று வருவார்கள். இல்லை. ஆதரித்ததும் இல்லை. நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை விட்ட அரியலூர் அனிதா சரியான வயதில், சரியான குரூப்பில், ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவள். எல்லாம் உரிய காலத்தில் படித்த அந்தப் பிள்ளைக்கு 2017இல் நாம் என்ன கொடுத்தோம்? உரிய காலத்தில் படித்தால் ஒரு தேர்வைக் காட்டித் தடுப்பது, அந்தத் தேர்வையே தாண்டி வந்தால் எந்த வருடம் படித்தாய் என்று கேட்பது. கிராமத்துப் பிள்ளை எந்தப் பக்கம் வந்தாலும் யாராவது ஒருவர் கணக்குக் கேட்க நிற்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. வயதான காலத்தில் எதற்கு இந்தக் கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். வரத்தான் செய்கிறது.

அந்த டாக்டர் நல்ல மருத்துவர்தான், நானே அவரிடம் போயிருக்கிறேன். அதற்காக அவர் பேசியதைச் சரி என்று சொல்ல மாட்டேன். அவளிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் அவர். அவளோ என்னிடம், "விடுங்க டீச்சர், காலேஜ் திறக்கப் போகுது" என்கிறாள். நான் விடுவதாக இல்லை.

ப்ளஸ் டூவில் உயிரியல் இல்லாமல் முடித்துவிட்டு இப்போது யோசிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இன்பாக்ஸில் கேளுங்கள். எழுதப் போகிற வாரியம் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அந்தந்த வருட நீட் தகவல் கையேட்டில் தகுதிப் பகுதியை முழுதாகப் படியுங்கள். மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக ஒரு கையேடு வரும், அதையும் சேர்த்துப் படியுங்கள். இது எல்லாம் பார்த்து முடிக்கும்வரை எந்த கோச்சிங் சென்டருக்கும் பணம் கட்டாதீர்கள்.