எல்லாம் உப்புக்காற்று

வந்தவர்: தம்பி, ரிமோட் செத்துப்போச்சு. உப்புக்காற்று.

கடைக்காரர்: கொடுங்க அண்ணே. இதென்ன, கவர் மேல் கவர், அதுக்கு மேல் ரெண்டு ரப்பர் பேண்டு? உள்ளே இருப்பது ரிமோட்டா, கட்டுச்சோறா?

வந்தவர்: உப்புக்காற்று உள்ளே போகக்கூடாது இல்லையா?

கடைக்காரர்: சரி, போகவில்லை. அப்புறம் எப்படி உப்புக்காற்றால் செத்தது?

வந்தவர்: கவர் போடுவதற்கு முன்னாலேயே போயிருக்கும்.

(இந்தக் கவர் எங்கள் வீட்டு ரிமோட்டிலும் உண்டு. மஞ்சளித்து பட்டன் எழுத்தே தெரியாமல் போன பிறகும் கழற்றினால் சண்டை வரும்.)

கடைக்காரர் பின்மூடியை நெம்புகிறார். மைனஸ் பக்க ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்து, ஓரத்தில் பச்சை பிடித்து, ஒரு பேட்டரி அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வந்தவர்: பார்த்தியா, உப்பு!

கடைக்காரர்: இது கடல் உப்பு இல்லை அண்ணே. பேட்டரி கக்கியது.

வந்தவர்: அதான் நாக்கில் வைத்தபோது ஒரு மாதிரி சுர்ரென்று இருந்ததா?

கடைக்காரர்: நாக்கில் வைத்தீங்களா! அது கையில் பட்டாலே கழுவணும் அண்ணே. இந்த மலிவு பேட்டரியில் துத்தநாகக் குவளைதான் உடம்பு. கரண்டு கொடுக்கக் கொடுக்க அந்தக் குவளையே கரையும். வள்ளத்துப் பலகையை உடைத்து அடுப்பெரித்துக்கொண்டே கடலில் போகிற மாதிரி. ஒருநாள் ஓட்டை விழும், உள்ளே இருப்பது ஒழுகும்.

வந்தவர்: இருந்தாலும் நம்ம ஊர் உப்புக்காற்று…

கடைக்காரர்: இதே காற்றில், 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 வரைக்கும் ரயில் ஓடியது. உங்கள் ரிமோட் ஒரு வருஷம் தாங்கவில்லை.

வந்தவர்: பாலத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். ரிமோட்டுக்கு யார் அடிப்பது?

கடைக்காரர்: அது கிடக்கட்டும். ஒரு பேட்டரி பளபளவென்று இருக்கிறது, இன்னொன்றில் பல் தடம் இருக்கிறதே?

வந்தவர்: கடித்தால் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் ஒன்று மட்டும் புதுசு வாங்கினேன். ஒன்றுதானே போயிருந்தது?

கடைக்காரர்: ரெண்டும் சேர்ந்துதான் அண்ணே தேயும். புதுசு பழசைப் பிடித்துத் தள்ளும். பழசுக்குள் வாயு சேர்ந்து, புடைத்து, ஒழுகும். 10 ரூபாய் மிச்சம் பிடித்து 250 ரூபாய் ரிமோட்டுக்கு வேட்டு வைத்திருக்கீங்க.

ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஸ்பிரிங்கைத் தேய்க்கிறார். நுரைக்கிறது. பச்சை போகிறது, ஸ்பிரிங்கில் பாதியும் கூடவே போகிறது.

கடைக்காரர்: இதுக்கு முன்னால் தீர்ந்த பேட்டரியை எல்லாம் என்ன செய்வீங்க?

வந்தவர்: கடலுக்குப் போகும்போது அப்படியே வீசிவிடுவேன்.

கடைக்காரர்: அப்படியென்றால் உப்பு கடலிலிருந்து ரிமோட்டுக்கு வரவில்லை அண்ணே. ரிமோட்டிலிருந்து கடலுக்குப் போகிறது. அதே கடலில்தான் வலை போடுறீங்க.

வந்தவர்: …சரி, ரெண்டு பேட்டரி கொடு.

கடைக்காரர்: போன மாதப் பாக்கி 40 ரூபாயையும் சேர்த்துக் கொடுங்க.

வந்தவர்: அது… மணிபர்ஸ் ஜிப் துருப்பிடித்து இறுகிப்போய் இருக்கிறது தம்பி.

கடைக்காரர்: உப்புக்காற்றா?

வந்தவர்: பார், நீயே சொல்லிவிட்டாய்.